கட்டில் ஏறி இறங்கிய ஆண்டு

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஓர் அறை இருக்கிறது. அங்கேதான் என் மகளின் இரும்புக் கட்டில் கிடந்தது. அவள் பள்ளியில் படிக்கும்போது ஆர்.கே.பேட்டை சாலையில் இருந்த ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. எல்லா மூட்டுகளையும் வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டதால் கழற்ற முடியாது. இறக்கும்போது மாடிப்படி திரும்பும் இடத்தில் அதைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு காலை ஜன்னல் கம்பிக்கு மேலே தூக்கி, பிறகு மெல்லச் சாய்க்க வேண்டும். இரண்டு ஆள் வேலை. சென்ற ஆண்டு அந்த இருவரில் ஒருவன் நான். மற்றவர் முன்பக்கப் போர்ஷனில் மனைவியோடு குடியிருக்கும் ஆட்டோக்காரர்.

கட்டில் கீழே இறங்கினால் மகள் வருகிறாள் என்று பொருள். மேலே ஏறினால் வரவில்லை.

நான் பத்திரிகையில் வேலை பார்த்தவன். முதலில் திருத்தணிக்குச் செய்தியாளர். பிறகு சென்னையில் டெஸ்க் வேலை, வரும் செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது, தினமும் ரயிலில் போய்த் திரும்புவது. ஓய்வு பெற்ற சில மாதங்களில் மனைவி இறந்தாள். அடுத்த ஆண்டு மகள் கணிதத்தில் ஆராய்ச்சி செய்ய வெளிநாடு போனாள். எனக்குப் பொழுது விடியும்போது அவளுக்கு முந்தைய நாள் மாலை. என் வீட்டில் பகலில் கேட்கும் சத்தங்கள் என்றால் குழாய், மிக்ஸி, திருப்பதி பஸ்ஸின் ஹாரன், என் இருமல்.

அவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். மூளை சம்பந்தமானது என்பேன். டாக்டரா என்பார்கள். இல்லை, கணக்கு என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. நான் மட்டும் முதல் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் விடாமல் கேட்டேன்.

"ஒரு நியூரான் இன்னொண்ணுக்குச் சேதி அனுப்புது நைனா. அது போய்ச் சேர கொஞ்சம் நேரம் ஆவுது. அந்த நேரத்தச் சமன்பாட்டுல சேத்தா என்ன ஆவும், சேக்கலன்னா என்ன ஆவும், அதான் என் வேல."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"கண்ண சிமிட்டறதுல ஒரு துண்டு."

"அத்தக்கூடவா கணக்குல எடுக்கணும்?"

"நேத்து நடந்தத இன்னிக்கு நடந்ததுன்னு எவனாவது எழுதினா நீ உட்டுடுவியா?"

"பேப்பரே அதான். நேத்து நடந்தத இன்னிக்கு விக்கிறது."

சிரித்தாள். பிறகு ஒரு தாளில் வட்டம் போட்டு கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். நான் புரிந்துகொண்டதை, டெஸ்கில் ஒரு பத்தி எழுதுவது போல எழுதிப் பார்த்தேன். ஒரு நரம்பணு கிளர்ச்சி அடைகிறது. அந்தக் கிளர்ச்சியே இன்னொரு வழியாகச் சுற்றி வந்து அதனிடம் 'அடங்கு' என்று சொல்கிறது. சேதி உடனே வந்தால் அணு அடங்கி ஓய்வுக்குப் போய்விடும். சேதி தாமதமாக வந்தால், அணு தானாகவே அடங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் 'அடங்கு' வந்து சேரும். அது அணுவை இருக்க வேண்டிய இடத்துக்கும் கீழே அழுத்தும். கீழே போனதைப் பார்த்து 'எழு' என்று ஒரு சேதி புறப்படும். அது வந்து சேருவதற்குள் அணு தானே எழத் தொடங்கியிருக்கும். இப்போது அளவுக்கு மேலே தூக்கும். இப்படியே மேலும் கீழும். தாமதம் ஓர் எல்லையைத் தாண்டினால் இந்த ஆட்டம் நிற்காது. அணுவில் கோளாறு இல்லை. சேதியிலும் தவறு இல்லை. வந்து சேர்ந்த நேரம்தான் தவறு.

இதை அவளுக்கு அனுப்பினேன். "பாஸ் பண்ணிட்ட நைனா" என்று பதில் வந்தது.

அந்த நாட்களில் நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் வெயிலைப் பற்றித்தான். கோடையில் பேப்பரில் வரும் வெப்பநிலைப் பட்டியலில் திருத்தணி எப்போதும் மேல்வரிசையில் இருக்கும். அவள் காலையில் எழுந்ததும் "இன்னிக்கு எவ்ளோ?" என்று கேட்பாள். "நாப்பத்தொண்ணு" என்று அனுப்புவேன். பதிலுக்கு வியர்வை வழியும் ஒரு முகப் படம் வரும். அவ்வளவுதான் உரையாடல். குறை ஒன்றும் இல்லை.

பங்குனியில் ஒரு நாள் காலையில் போனைத் திறந்தபோது வேறு மாதிரி ஒன்று வந்திருந்தது.

"நைனா, என்னால முடியல. உட்டுட்டு வந்துடறேன்."

அவளுடைய பேராசிரியர், ஒரு வருட வேலையை முதலிலிருந்து செய்யச் சொல்லியிருந்தார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. படித்ததும் எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. வீட்டில் ஒரு குரல் கேட்கும் என்ற மகிழ்ச்சி. அடுத்து பயம் வந்தது. போட்ட உழைப்பு என்னாகும், இங்கே வந்து என்ன செய்வாள் என்று.

எங்கள் டெஸ்கில் ஒரு பழக்கம் உண்டு. மனதைக் கலக்கும் செய்தி வந்தால் அன்றைக்கே போடுவதில்லை. எழுதி முடித்து ஓரமாக வைப்போம். மறுநாள் தெளிந்த கண்ணோடு படித்து, நிற்கிற வரிகளை மட்டும் அச்சுக்கு அனுப்புவோம். அந்தப் பழக்கம் பல தலைவலிகளிலிருந்து எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஓய்வு பெற்றபோது அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். மகளுக்குப் பதில் எழுதி, ஒரு நாள் வைத்திருந்து, மறுநாள் படித்துத் திருத்தி அனுப்பினேன். "வா. இது உன் வீடு. கட்டிலை இன்றைக்கே இறக்குகிறேன்."

கட்டிலை இறக்கினோம். ஆட்டோக்காரருக்கு உற்சாகம்.

"பாப்பா வருதுங்களா சார்? ஆங், நல்லதாப் போச்சு. உங்க வீட்ல நீங்க இருமறதத்தான் கேட்டுகினு இருந்தோம். இனிமே மனுஷங்க பேசறது கேக்கும்."

"நான் மனுஷன் இல்லியா?"

"நீங்க பேசினாதான சார் தெரியும்."

மகளிடமிருந்து பதில் இரண்டு நாள் கழித்து வந்தது. பதில் எழுதுவதில் அவள் என்னைப் போலத்தான். யோசித்து, வைத்திருந்து, அனுப்புவாள். நான் 'வா' என்று அனுப்புவதற்கு முன்பே அவள் தன் கணக்கில் இருந்த பிழையைக் கண்டுபிடித்துவிட்டிருக்கிறாள். புரோகிராம் ஓடியிருக்கிறது. இருந்து முடிப்பது என்று தீர்மானித்து, அதை என்னிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தால் என் 'வா' வந்து நிற்கிறது.

"அன்னிக்கு ஏதோ தோணிச்சு, சொல்லிட்டேன். நீகூட என்னால முடியாதுன்னு நெனச்சிட்டியா?"

கட்டில் மேலே போனது. படித் திருப்பத்தில் ஆட்டோக்காரர் கட்டில் காலைத் தோளில் தாங்கிக்கொண்டே கேட்டார்: "என்னா சார், கட்டிலுக்குக் காவடி எடுக்கிறோமா?"

இந்த முறை அவளுக்கு நம்பிக்கை தரும்படி எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதி, ஒரு நாள் வைத்திருந்து, அனுப்பினேன். "நீ அங்கே இருப்பதுதான் சரி. இங்கே வந்து என்ன செய்யப்போகிறாய்? எடுத்ததை முடிக்காமல் திரும்பாதே." அது போய்ச் சேர்ந்த நாளில் அவள் மறுபடியும் சோர்ந்திருந்தாள். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு வந்தது: "வர வேணாம்னு சொல்ற. சரி." நான் பதறினேன். பதறினாலும் ஒரு நாள் வைத்திருந்தேன். முந்தையதைவிட நீளமான செய்தி அனுப்பினேன். டிக்கெட் போடவா, சென்னையில் கல்லூரி வேலைக்குச் சொல்லி வைக்கவா, அறைக்கு ஏசி வைக்கவா என்று. கட்டில் கீழே வந்தது. அவளுக்கு அது கிடைத்தபோது அவள் தேறியிருந்தாள். "எனக்கு நீ வேல தேட வேணாம் நைனா." ஆனியில் கட்டில் மேலே போனது.

ஒவ்வொரு செய்தியும் முன்பு அனுப்பியதைவிட நீளமாக இருந்தது. ஒவ்வொன்றும் முன்பைவிட அழுத்தமாக இருந்தது. சித்திரையிலும் வைகாசியிலும் திருத்தணியில் தார் இளகும் வெயில். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஆடி பிறந்தபோது அவள் எழுதினாள். ஆவணி முடிவதற்குள் தொடர்வதா விடுவதா என்று பல்கலைக்கழகத்தில் சொல்ல வேண்டுமாம். புதிய கல்வியாண்டு தொடங்கிவிட்டால் இடத்தை வைத்திருக்க மாட்டார்கள். விட்டால் மறுபடி நுழைய முடியாது. அதே செய்தியில், சரியாகத் தூங்குவதில்லை, விட்டுவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது என்றும் இருந்தது. கட்டிலை இறக்கினோம். ஆட்டோக்காரர் இந்த முறை இறக்கி வைத்துவிட்டு, தோளைத் தடவிக்கொண்டு போனார்.

ஆடிக்கிருத்திகை அன்று மாலை வழக்கம்போல மலையடிவாரத்துக்குப் போனேன். செய்தி எழுத வேண்டியதில்லை என்றாலும் கால் அங்கேதான் போகும். சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில், படி தொடங்கும் இடத்தில், செய்தியாளர்கள் நிற்கும் ஒரு டீக்கடை ஓரம் இருக்கிறது. அங்கே நின்றேன். பூக்காவடிகள், மொட்டைத் தலைகளில் சந்தனம், பம்பைச் சத்தம். தமிழ் பாதி, தெலுங்கு பாதி. படியின் அடியில் இரண்டு பக்கமும் தொண்டர்கள் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். ஒரு காவலரின் கையில் வயர்லெஸ்.

வயர்லெஸ்ஸில் மேலிருந்து குரல் வரும்: "மேல நெரிசல். நிறுத்துங்க." கயிறு இழுக்கப்படும். ஆனால் ஏற்கெனவே படியில் ஏறிக்கொண்டிருக்கும் கூட்டம் மேலே போய்க்கொண்டேதான் இருக்கும். மேலே நெரிசல் இன்னும் கூடும். "யாரும் ஏறக்கூடாது, யாரும்" என்று குரல் கடுமையாகும். கீழே காவடிகள் சேர்ந்து தள்ளும். பிறகு மேலே காலியாகும். "விடுங்க, விடுங்க, காலியா இருக்கு" என்பார்கள். கயிறு விழும். எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். அவர்கள் ஏறி முடிக்கும்வரை மேலே வெறும் தரைதான். அதனால் "இன்னும் விடுங்க" என்று குரல் வரும். எல்லாரும் ஒன்றாகப் போய்ச் சேரும்போது மறுபடி "நிறுத்துங்க".

வருடாவருடம் இதை 'பக்தர்கள் அலை அலையாகத் திரண்டனர்' என்று எழுதியிருக்கிறேன். அலங்காரத்துக்காக எழுதிய வார்த்தை. அன்றைக்குத்தான் அது அலங்காரமில்லை, உண்மையிலேயே அலை என்று பார்த்தேன். ஒரு நாள் வைத்திருக்காமல், அங்கேயே நின்று மகளை வீடியோவில் அழைத்தேன். அவளுக்கு அப்போது காலை.

"நைனா? என்னா ஆச்சு?" சொல்லாமல் அழைப்பவன் இல்லை நான். குரலில் பயம் தெரிந்தது.

"ஒண்ணும் ஆவல. இத்தப் பாரு."

போனைக் கயிற்றுப் பக்கம் திருப்பினேன்.

"மொட்டத் தலையாத் தெரியுது. யாரோ ஒருத்தரு காவடியால உன் போன இடிக்கிறாரு."

"கொஞ்ச நேரம் பாரு. கயித்தப் பாரு."

பார்த்தாள். ஒரு முறை கயிறு விழுந்தது, எழுந்தது. நான் வயர்லெஸ்ஸில் வரும் வார்த்தைகளை அவளுக்குத் திருப்பிச் சொன்னேன்.

"மேல இருக்கறவங்க எதப் பாத்து நிறுத்தச் சொல்றாங்க?"

"மேல நிக்கிற ஜனத்த."

"படியில வந்துகினு இருக்கற ஜனத்த?"

"அது அவங்க கண்ணுக்குத் தெரியாது."

சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. "நைனா, இது என் ரெண்டாவது அத்தியாயம். அப்டியே இருக்குது. ஏறுற நேரம்தான் டிலே."

"எப்டிச் சரி பண்றது?"

"ரெண்டு வழி. சேதியும் ஜனமும் சீக்கிரம் போய்ச் சேரணும். அது முடியாது, மல அவ்ளோ உயரம். நியூரானுக்கும் அப்டித்தான், நரம்பு அவ்ளோ நீளம். இன்னொரு வழி, கயித்த முழுசாத் தொறக்கவும் கூடாது, முழுசா மூடவும் கூடாது. கொஞ்சமாத் தள்ளணும்."

"கொஞ்சம்னா?"

"ஒவ்வொரு நியூரானுக்கும் தானா அடங்கிக்கற வேகம் ஒண்ணு இருக்கு. நம்ம தள்ளறது அதவிடக் கம்மியா இருந்தா ஆட்டம் நிலைக்காது. எவ்ளோ லேட்டாச் சேதி வந்தாலும் சரி. நான் வெச்சிருக்கற மாடல்ல இத நிரூபிக்கலாம். நிரூபிச்சிட்டேன்."

"எவ்ளோ லேட்டானாலுமா?"

"எவ்ளோ லேட்டானாலும்."

இதற்குப் பிறகு நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவளும் அதே நேரத்தில் ஏதோ சொன்னாள். இருவரும் நிறுத்தினோம். இருவரும் ஒன்றாக மறுபடி தொடங்கினோம். "நீ சொல்லு." "இல்ல, நீ சொல்லு." கடைசியில் அவள் கேட்டாள்:

"கட்டில் இப்ப எங்க இருக்குது?"

"கீழ."

"ம்" என்றாள். பம்பைச் சத்தத்தில் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

அன்று நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அவள் சொன்ன ஒரு வாக்கியத்திலேயே மனம் நின்றது. தானாக அடங்கிக்கொள்ளும் வேகம். பங்குனியிலிருந்து அவள் சோர்ந்த ஒவ்வொரு முறையும் என் செய்தி போய்ச் சேருவதற்கு முன்பே தானாக எழுந்து உட்கார்ந்திருந்தாள். நான் எழுதியதெல்லாம் இரண்டு நாளுக்கு முந்தைய ஒரு பெண்ணுக்கு. அவள் அங்கே இல்லை. ஒரு நாள் வைத்திருக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். அன்றே விட்டேன். ஆனால் நான் விழித்திருக்கும்போது அவள் தூங்குவாள் என்பதை என்ன செய்ய? அந்தத் தாமதம் போகாது. மிச்சமிருப்பது இரண்டாவது வழிதான். குறைவாகத் தள்ளுவது.

தள்ளாமல் இருப்பது எனக்குச் சுலபம் இல்லை. அவள் வர வேண்டும் என்று விரும்புகிறவனும் நான்தான்.

ஆவணி முடியும் வாரத்தில் ஒரு நாள் மத்தியானம், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. அவளுக்கு அது தூங்கியிருக்க வேண்டிய நேரம்.

"நைனா, நாளன்னிக்குச் சொல்லணும். வந்துடலாம்னுதான் தோணுது."

ஈரக் கையோடு "வா" என்று தட்டினேன். ஒரே எழுத்து. அனுப்பும் குறிக்கு மேல் விரல் நின்றது. அழித்தேன். "இருந்து முடி" என்று தட்டினேன். அதையும் அழித்தேன். கொடியில் மிச்சத் துணியைப் போட்டேன். ஆர்.கே.பேட்டை பக்கம் வானம் கறுத்திருந்தது. பிறகு எழுதி, உடனே அனுப்பினேன்.

"படிச்சேன். இங்க இன்னிக்கு முப்பத்தாறு. சாயந்தரம் மழ வரும்போல இருக்குது. தூங்கு."

அன்று பதில் இல்லை. மாலையில் ஆட்டோக்காரர் ஸ்டாண்டிலிருந்து வந்ததும் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டில் கூடத்தில், சுவரோரம் கிடந்தது.

"என்னா சார், ஏத்தணுமா?"

"இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா? பாப்பா வருதா, வரலியா?"

"தெரியாது."

"பேப்பர்காரரு நீங்களே தெரியாதுன்னா நாங்க யாரக் கேக்கறது?" அவர் மனைவி முன்பக்கப் போர்ஷனிலிருந்து குரல் கொடுத்தாள்: "தோளு வலிக்குதுன்னு காலையில அழுதுகினு இருந்தியே, இப்ப என்னா ஏத்தணுமான்னு கேக்கற? சும்மா வாய்யா."

மறுநாளும் பதில் இல்லை. அன்றைய பகலில் நான் செய்ததெல்லாம் நினைவிருக்கிறது. அரிசி களைந்தேன். கடைக்குப் போய் சில்லறை வாங்க மறந்து திரும்பினேன். பழைய பேப்பர்களை அடுக்கிக் கட்டினேன். போனைக் கவிழ்த்து வைத்து, நிமிர்த்தி வைத்தேன். அவள் குப்புற விழுந்து கிடக்கிறாளா, எழுந்து நடக்கிறாளா என்று தெரியாமல், கையை மட்டும் நீட்டாமல் இருப்பது எப்படி என்று அந்தப் பகல் கற்றுக்கொடுத்தது. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் கடிகாரம் ஒன்றுதான் பேசிக்கொண்டிருந்தது. மாலையில் மழை வந்தது. நல்ல மழை. மொட்டைமாடி அறையில் கட்டில் கிடந்த மூலை ஒழுகியது. வாளி வைத்தேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் செய்தி இருந்தது.

"இருக்கேன்னு சொல்லிட்டேன். மழ வந்துதா?"

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதைப் பலமுறை படித்தேன். அவள் எடுத்த முடிவு அது. நான் எந்தப் பக்கமும் தள்ளாமல் அவள் எடுத்தது. ஆராய்ச்சி முடிய இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். அதன் பிறகும் அங்கேயேதான் வேலை கிடைக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். உடனே பதில் அனுப்பினேன்.

"வந்துது. மாடி ரூம் ஒழுவுது."

"அப்ப கட்டிலு?"

"கீழ இருக்குது."

"கீழயே இருக்கட்டும் நைனா."

சில நாள் கழித்து அவள் ஒரு வரைபடம் அனுப்பினாள். இடது பக்கம் மேலும் கீழுமாக ஆடும் கோடு. வலது பக்கம் போகப் போக ஆட்டம் சிறிதாகி, கடைசியில் நேராகப் போகிறது. "இது செத்துப்போன நரம்பா?" என்று கேட்டேன். "இல்ல, ஓய்வு. கூப்பிட்டா எழும்" என்றாள். இப்போது தினமும் வெயில் அளவு போகிறது. வியர்வைப் படம் வருகிறது. சில நாள் அவள் பதில் மறுநாள்தான் வரும். நான் ஏன் என்று கேட்பதில்லை.

கட்டில் கூடத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. காலையில் அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். துவைத்து மடித்த துணிகளை அதன் கால்மாட்டில் வைக்கிறேன். அவள் தலை வைத்துப் படுக்கும் பக்கத்தில் எதையும் வைப்பதில்லை.